அனந்தநாராயணய்யர் எழுதிக் கொடுத்த விதிகள்

வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு வாய்க்கால் தகராறில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். என் குமாஸ்தா பரமேஸ்வரன் கதவோரம் வந்து நின்று கையசைத்தான். வழக்கு நடக்கும்போது அப்படிக் கூப்பிடுகிறவன் அல்ல அவன். அருகில் போனதும், "நம்ம சாமி போயாச்சு சாரே. இன்னிக்குக் காலத்த. கரமனைலேர்ந்து ஆள் வந்திருக்கு" என்றான்.

நான் திரும்பி வந்து, வக்கீல் அனந்தநாராயணய்யர் காலமாகிவிட்டார், வழக்கை வேறு நாளுக்கு வைக்க வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டேன். நீதிபதி இந்த ஊருக்குப் புதியவர். "இந்தக் கேசில் அவர் எந்தக் கட்சிக்கு ஆஜராகிறார்?" என்றார். எந்தக் கட்சிக்கும் இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உட்கார்ந்திருந்த இளம் வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தெரிந்த ஓரிருவருக்கும் திவாலான மோட்டார் கம்பெனியோடு சேர்த்துத்தான் தெரிந்திருந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி இந்த நகரத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. செத்துப்போன சிநேகிதனுக்காகத் தன் வீட்டைப் பறிகொடுத்த உத்தமர் என்பது ஒன்று. விதவைகளையும் சமையற்காரர்களையும் பங்கு வாங்க வைத்துத் தெருவில் நிறுத்தியவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். கிழக்கே கோட்டையில் ஒரே அறையில் மேஜைக்கு மேஜை எதிராக உட்கார்ந்து நாங்கள் தொழில் செய்தோம். என்னைவிடச் சில வயது மூத்தவர். என்னை 'ஓய்' என்றுதான் கூப்பிடுவார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பழவங்காடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பூதலிங்கம் பிள்ளையை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாஞ்சில் நாட்டுக்காரர்; அனந்தநாராயணய்யரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஒருநாள் அவர் எங்கள் அறைக்கு வந்து, பொன்முடியில் ஒரு வெள்ளைக்காரர் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகிறார், நாம் இருவரும் சேர்ந்து வாங்கலாம் என்றார். அனந்தநாராயணய்யருக்கு ஆசை பிறந்துவிட்டது. ஆனால் கூட்டு வியாபாரமாக வேண்டாம், லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்யலாம் என்றார்.

"ஓய் பூதலிங்கம், நன்னாக் கேட்டுக்கோரும். கூட்டுன்னா நீர் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா என் வீட்டு நிலை ஆடும். நான் போட்டா உம்ம கடை ஆடும். தோட்டத்துக்குன்னு வாங்கின கடன் தோட்டத்தோட நிக்காது, உடுத்தின வேஷ்டி வரைக்கும் வரும். கம்பெனின்னா அப்படி இல்லை. பங்குக்கு இவ்வளவு தரேன்னு ஒத்துண்டோம் பாரும், அதோட நம்ம பொறுப்பு தீர்ந்துது. அதுக்கு மேல கடன்காரன் கம்பெனியைத்தான் கேக்கணும். நம்ம வாசப்படி ஏற முடியாது."

பிள்ளை சிரித்தார். "அப்பம் ரெஜிஸ்திரார் ஆபீசுல கொண்டு வருஷாவருஷம் கணக்கைக் காட்டணும், அப்படித்தானே? என் கொள்முதலை ஊருக்கெல்லாம் காட்டீட்டு நான் எதுக்கு யாவாரம் செய்யணும்? எனக்கு உம்ம முகம் போதும் சாமி. உமக்கு என் முகம் போதாதோ?"

அப்படிக் கேட்ட சிநேகிதனிடம் போதாது என்று யாரால்தான் சொல்ல முடியும்? கூட்டு ஒப்பந்தத்தை அவரே எழுதினார். அவர் எழுதியவற்றிலேயே சிறியது அதுதான் என்று பின்னால் சொல்வார்.

முதலில் தோட்டம் நன்றாகவே நடந்தது. ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நெடுமங்காடு தாண்டி, மலையடிவாரத்திலிருந்து லாரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு இடையே உட்கார்ந்து போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி பின்னுக்கு வந்து வந்து திரும்பியது. மேலே கூலிக் குடியிருப்பு வரிசைகளில் செங்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் பனியில் நடுங்கிக்கொண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "முதலாளி, கூரை ஒழுகுது, புள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு" என்றாள். அனந்தநாராயணய்யர் அன்றைக்கே ஓடு போடச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பும்போது, "ஓய், என்னையும் ஒருத்தி முதலாளின்னுட்டா. கேக்கறதுக்குப் பயமா இருக்கு" என்றார்.

தேயிலை விலை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்று. விலை விழுவதற்குச் சற்று முன்பு பூதலிங்கம் பிள்ளை புதிய இலை உலர்த்தும் யந்திரத்துக்காகக் கூட்டின் பெயரில் ஒரு பாங்கில் பெரிய கடன் வாங்கியிருந்தார். மோசடி ஏதும் இல்லை. நல்ல செய்தியாகச் சொல்லிச் சிநேகிதனைத் திகைக்க வைக்க வேண்டும் என்று இருந்திருக்கிறார். யந்திரம் மலையேறுவதற்குள் ஒருநாள் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மனைவி பகவதியம்மாளையும் கல்யாணமாகாத இரண்டு பெண்களையும் விட்டுப் போனார். பாங்கு வழக்குத் தொடுத்தது. தோட்டத்தை விற்றும் கடன் தீரவில்லை. மிச்சத்தைக் கூட்டாளிகளில் எவரிடமும் முழுசாகக் கேட்கலாம் என்பது சட்டம்; அனந்தநாராயணய்யரின் ஸ்ரீவராகத்து வீட்டின் மேல் ஜப்தி வந்தது.

அந்த வீட்டில் ஒரு மாலை நடந்ததை நான் மறக்க முடியாது. யோசனை சொல்ல நாங்கள் சிலர் போயிருந்தோம். மூத்த வக்கீல் ஒருவர் ஒரு வழி சொன்னார். தகப்பன் பட்ட கடனுக்கு மகனுடைய பிதுரார்ஜிதப் பங்கும் பொறுப்பு என்பது இந்து சட்டம். ஆனால் குடி, சூது, கூத்தி என்று கெட்ட வழியில் பட்ட கடனுக்கு மகன் பொறுப்பல்ல. ஆகவே மகன் கிருஷ்ணன் ஒரு வழக்குப் போட்டு, அப்பா கெட்ட வழியில் செலவழித்தார் என்று சொன்னால் பாதி வீடாவது மிஞ்சும். இப்படிப்பட்ட வழக்குகளை வக்கீல்கள் நாங்கள் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். கோர்ட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து அவர் மனைவி மங்களம்மாள் கூடத்துக்கு வந்தார். எங்கள் எதிரில் அதுவரை வந்து பேசியதில்லை.

"அவன் வேண்டாம், அவனுக்கு நாக்கு வராது. நான் சொல்றேன். கூண்டுல ஏறி நின்னு, இந்த மனுஷன் குடிச்சார், கண்ட எடத்துக்கும் போனார்னு நான் சொல்றேன். எனக்கு என்ன வெக்கம்? வீடு மிஞ்சினாப் போறும்."

அனந்தநாராயணய்யர் மெதுவாகச் சொன்னார்: "மங்களம், எதிர்க்கட்சி வக்கீல் விடமாட்டான். எந்தக் கள்ளுக்கடைன்னு கேப்பான். எனக்கே தெரியாதே, நீ என்னன்னு சொல்லுவே?"

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மங்களம்மாளும் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கணம் சிரித்தார். அடுத்த கணம் அழுதார். "எல்லாத்தையும் சிரிச்சே தொலைச்சேள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வழக்குப் போடவில்லை. ஏன் என்று அறையில் தனியாக இருக்கும்போது கேட்டேன். "தேயிலைக்குப் பட்ட கடன், ஓய். அதைக் கூத்துக்குப் பட்டதுன்னு சொன்னா பூதலிங்கமும் கூடச் சேர்ந்து கூத்தாடினான்னு ஆயிடும். அவன் வந்து இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றார். சரி, சட்டப்படி கடனில் பிள்ளையின் பாதியைப் பகவதியம்மாளிடம் கேட்டு வாங்கலாமே என்றேன். "வாங்கலாம். கடையை வித்துத்தான் தருவா. அப்போ ரெண்டு குடும்பம் தெருவுக்கு வரும். இப்போ ஒண்ணு" என்றார். வீடு ஏலத்தில் போனது. கரமனையில் ஒரு வீட்டின் பின்கட்டுக்குக் குடிபோனார்கள். கிருஷ்ணன் காலேஜை விட்டுவிட்டு வடக்கே ஒரு ஆபீசில் வேலைக்குப் போனான். அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டான்.

வீடு போனதோடு கதை முடிந்திருந்தால் முதல் கதை மட்டும் உலவியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவருக்கு லிமிடெட் கம்பெனி என்பது பக்தியாகவே ஆனது. அன்றைக்குச் சட்டத்தைக் கேட்டிருந்தால் வீடு இருந்திருக்கும் என்ற எண்ணம் அவரை அரித்தது. சின்ன மனிதர்கள் வியாபாரத்தில் பணம் போட்டு நாலு காசு பார்க்கவும் வேண்டும், போனால் போட்டதோடு போகவும் வேண்டும். இதற்குக் கம்பெனிதான் வழி என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அந்தச் சமயத்தில் மோட்டார் வியாபாரம் செய்துவந்த ஒருவர் அவரிடம் வந்தார். பெயர் வேண்டாம், அவர் இன்றும் சௌக்கியமாக இருக்கிறார். நெடுமங்காட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு பஸ் விடுவதற்கு ஒரு கம்பெனி. கமிஷன் வாங்கிக்கொண்டு அதை நடத்தும் மேனேஜிங் ஏஜென்டாக அவர் இருப்பார். கம்பெனி நடக்க வேண்டிய விதிகளை அய்யர் எழுதித் தர வேண்டும்.

அந்த விதிகளை எழுதிய நாட்களில் அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு விதியையும் என்னிடம் வாசித்துக் காட்டுவார். ஏஜென்டு தனக்கோ தன் உறவினருக்கோ சொந்தமான வேறு வியாபாரங்களோடும் கம்பெனிக்காக ஒப்பந்தம் செய்யலாம், அதில் வரும் லாபத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு விதி இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். "அவன் கேக்கறான். எல்லாக் கம்பெனியிலேயும் இருக்கறதுதான், ஓய். பஸ் தெரிஞ்சவன் அவன், உதிரி சாமான் விக்கறவனும் அவன். கையைக் கட்டிப் போட்டா எப்படி நடத்துவான்?" என்றார். அது பொய்யில்லை. எல்லாக் கம்பெனிகளிலும் அந்த வாசகம் இருந்தது.

பங்கு விற்க அவரே நடந்தார். தர்மச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைகளின் சமையற்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள். "இதுல யாருக்கும் வீடு போகாது" என்பதுதான் அவர் எல்லோரிடமும் சொன்னது. சொந்த வீட்டை இழந்தவர் சொன்னதால் ஜனங்கள் நம்பினார்கள். பகவதியம்மாள் நம்பியதுபோல் யாரும் நம்பவில்லை. ஆண் துணையில்லாமல் கடையை நடத்த முடியவில்லை என்று அதை விற்று, முழுவதையும் பங்குகளில் போட்டார். எடுத்துச் சொன்னவர் அனந்தநாராயணய்யர்தான். எந்தக் கடை போகக்கூடாது என்று தன் வீட்டை விட்டாரோ, அந்தக் கடை இப்படிப் போனது.

பஸ்கள் வந்தன. ஏஜென்டு தன் மைத்துனரிடமிருந்து வாங்கிய பழைய வண்டிகள். விலை மட்டும் புதுசுக்கு. பொதுக்கூட்டத்தில் அதற்குச் சம்மதம் கேட்டபோது, கூட்டத்துக்கு வர முடியாத சின்னப் பங்குதாரர்கள் தங்கள் ஓட்டைத் தலைவருக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலைவர் ஏஜென்டின் ஆள். எல்லாம் சட்டப்படி நிறைவேறியது. வண்டிகள் பாதி நாள் ஷெட்டில் கிடந்தன. கமிஷன் மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கம்பெனியைக் கலைக்க வேண்டியதாயிற்று. கடன்காரர்களுக்கே போதாதபோது பங்குதாரர்களுக்கு என்ன இருக்கும்?

பங்குதாரர்களுக்காக ஏஜென்டின் மேல் நாங்கள் மனுப் போட்டோம். நான் வாதாடினேன்; அனந்தநாராயணய்யர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சி வக்கீல் வேறொன்றும் செய்யவில்லை. கம்பெனி விதிகளைப் பிரித்து, அந்த ஒரு விதியை நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி அதை வாங்கித் தானும் படித்துப் பார்த்தார்.

"இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. எழுதியவர் யார்? கெட்டிக்காரர்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது.

அனந்தநாராயணய்யர் எழுந்து நின்றார். "நான்தான், யுவர் ஆனர்" என்றார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். "ராப்பகலா உக்காந்து தேடினேன், ஓய். எங்கேயாவது ஒரு சந்து விட்டிருப்பேனோன்னு. ஒண்ணும் இல்லை. கடன்காரன் ஏற முடியாத சுவர் கட்டறேன்னு நெனைச்சேன். அதுக்கு அந்தப் பக்கம் அந்த ஏஜென்டு சௌக்கியமா உக்காந்திருக்கான். நம்ம ஜனங்க இந்தப் பக்கம் நிக்கறா" என்றார். அதன்பிறகு அவர் கோர்ட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு வரவே இல்லை.

அவர் சொன்னது ஒன்று மட்டும் பலித்தது. அந்தக் கம்பெனியால் யாருக்கும் வீடு போகவில்லை. வீடு வாங்குவதற்கும் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கும் வைத்திருந்ததுதான் போனது.

பங்குதாரர்கள் கரமனைக்கு வர ஆரம்பித்தார்கள். ஏஜென்டின் பங்களா வாசலில் காவற்காரன் இருந்தான். இங்கே யாரும் இல்லை. காலையில் காப்பி குடிப்பதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். ஊட்டுப்புரைச் சமையற்காரர் ஒருவர், "சாமி, நாங்க கம்பெனியைப் பார்த்து இட்டதில்லையாக்கும். உங்களைப் பார்த்து இட்ட பைசாவாக்கும்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். மங்களம்மாள், "திருநெல்வேலிக்கு என் அண்ணா ஆத்துக்குப் போயிடலாம், கொஞ்ச நாள் கதவைச் சாத்திண்டாவது இருங்கோ" என்று மன்றாடினார். அவர் போகவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை. தட்டினால் தானே எழுந்து போய்த் திறப்பார். வந்தவரை உட்காரச் சொல்வார். அவர்கள் திட்டி முடிக்கும்வரை கேட்பார். சமாதானம் சொல்லமாட்டார். நான் ஒருமுறை கோபமாகவே கேட்டேன்: "இதனால் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது?" "ஒண்ணும் கெடைக்கலை, ஓய். வேற யாரும் கதவைத் திறக்கலையே, என்ன செய்யட்டும்?" என்றார்.

பகவதியம்மாள் ஒருமுறைதான் வந்தார். நான் அங்கே இருந்தேன். மூத்த பெண்ணுக்கு நிச்சயம் செய்திருந்த இடம் பின்வாங்கிவிட்டது என்று அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, பெண்களைப் பற்றி, அரிசி விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, "இனி நாங்க என்ன செய்யணும், சொல்லும் சாமி" என்றார். முன்பெல்லாம் யோசனை கேட்ட அதே குரல். ஒரு துளிக்கூடக் குற்றம் சொல்லாத குரல். அந்த அம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்கிடும்" என்று சொல்லி எழுந்து போனார். அன்றைக்குப் பிறகுதான் அவர் உடம்பு கட்டோடு சரிந்தது என்று மங்களம்மாள் சொல்கிறார்.

கடைசியாக நான் பார்த்தபோது படுக்கையில் இருந்தார். பேச்சுக் குழறியது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, புதிதாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், உங்கள் பழைய விதிகளைத்தான் மாதிரியாகக் கேட்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நன்னா எழுதியிருக்குன்னு சொல்றாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிருஷ்ணன் வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது. யுத்தகாலத்து ரயில்; எங்கோ நிறுத்திவிட்டார்களாம். அவன் வந்து, அப்பா விட்டுப்போன சட்டப் புத்தகங்களைப் பார்த்தான்; எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அவை வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் எனக்கும் தெரியும். அது யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதும் இப்போது தெரியும். கூட்டா, கம்பெனியா என்று என்னிடம் கேட்க வருகிறவர்களுக்கு இரண்டையும் விளக்கிச் சொல்கிறேன். எது நல்லது என்று கேட்டால், என்னால் சொல்ல முடியவில்லை.

சென்ற வாரம் முதல் அந்தப் பங்குதாரர்களில் சிலர் என் வீட்டுக்கு வருகிறார்கள். கரமனை வீட்டில் இப்போது ஆள் இல்லை. மங்களம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கே போவது என்று தெரியாமல், அவரோடு உட்கார்ந்திருந்தவன் என்று என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நான் செய்யக்கூடியது சட்டத்தில் ஒன்றுமில்லை. சட்டத்துக்கு வெளியேயும் இல்லை. இன்று காலையில் பகவதியம்மாள் தன் இளைய பெண்ணோடு வந்து தட்டினார். என் மனைவி, இல்லை என்று சொல்லிவிடட்டுமா என்று சைகையால் கேட்டாள். அனந்தநாராயணய்யரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.